வெறும் விற்றமின்

போத்தல் ஸ்காபரோவிலிருந்து வந்தது,
மச்சான் குகநேசனின் பெட்டிக்குள்,
மூன்று சவர்க்காரக் கட்டிகளுக்கும்
எனக்கு அளவில்லாத ஒரு சோடிச் சப்பாத்துக்கும் நடுவில்.
"வெறும் விற்றமின் தான் அத்தான்.
கொழுப்பைக் கரைச்சுப்போடும்."
எனக்குக் கொழுப்புக் கூட என்று
கலியாணம் கட்டின நாளிலிருந்து சொல்லிவருகிற கௌசலா
குசினிக்குள் நின்று சிரித்தாள்.

திங்கட்கிழமை. பாண் தின்ன நேரமில்லை.
வெறும் வயிற்றில் ஒரு குளிசை,
மேலே சுடச்சுடப் பிளேன்ரீ,
பிறகு சுன்னாகத்துக்கு மோட்டார்சைக்கிள்.
அடைவுப் பகுதியில் பெட்டகம் திறந்து
தராசைத் துடைத்துக்கொண்டிருக்கையில்
காதில் தொடங்கியது.
காது, கழுத்து, நெஞ்சு,
மயிர்க்கொட்டி ஊர்ந்துபோன இடம்போலச் சுணைத்தது.
சட்டைக்குள் ஆரோ அடுப்பு மூட்டி
ஊதிக்கொண்டிருந்தார்கள்.
கைகழுவுகிற இடத்துக் கண்ணாடியில்
என் முகம் இல்லை,
அவித்த நண்டு.

"பிரசரோ சேர்?" என்றாள் பிறேமினி.
முகாமையாளர் மரியதாசன்
கோப்பு எடுப்பதுபோலக் கிட்ட வந்து
என்னை மணந்துபார்த்துவிட்டுப் போனார்.

முதல் துண்டு: புவனலோஜினி, ஏழாலை.
ஒரு சோடி காப்பு, இரண்டே கால் பவுண்.
கழற்றுவதற்குச் சவர்க்காரம் போட்டிருக்கிறா,
உட்பக்கம் இன்னும் வழுவழுத்தது.
உரைத்தேன். நிறுத்தேன்.
மூக்குக்கண்ணாடிக்குள் வியர்வை இறங்க
ஒரே எண்ணை இரண்டுதரம் எழுதி வெட்டினேன்.
அவ என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றா.
பிறகு, பின்னால் நிற்கிறவைக்குக் கேளாமல்,
"நீங்கள் ஏன் வெட்கப்படுறியள்?
வைக்கிறது நான் தானே."

குளிசை என்று சொல்லியிருக்கலாம்.

இந்தக் கதிரையில் எனக்குப் பத்தொன்பது வருசம்.
தாலிக்கொடி, பிள்ளையின் அரைஞாண்,
ஒருக்கால் கடதாசியில் சுற்றிய ஒரு தங்கப்பல்,
எல்லாம் நிறுத்து எழுதியிருக்கிறேன்
முகத்தில் ஒரு கோடு அசையாமல்.
அதுதான் அவர்களுக்கு நான் செய்யும் மரியாதை
என்றும் நினைத்திருந்தேன்.

"கையெழுத்து, இதிலை" என்றேன்.

பின்னேரம் மருந்துக்கடைப் பெடியன் சொன்னான்:
இரத்தக்குழாய் விரியிறது, பயமில்லை அண்ணை,
சோத்துக்குப் பிறகு போடுங்கோ,
சுடுதண்ணி வகை வேண்டாம்,
இருவது நிமிசத்திலை இறங்கும்.
குகநேசன் தொலைபேசியில் இன்னும் சந்தோசமாக,
"அப்ப வேலை செய்யுது அத்தான்!"
அந்தக் கிழமை முழுக்க
ஈரக் கைக்குட்டையைப் பிடரியில் போட்டு
காற்றாடிக்கு நேரே கதிரையை இழுத்து இருந்தேன்.
சிவப்பு வந்தது, போனது,
தவணை கட்ட வருகிறவர்களைப்போலக் கொஞ்சம் பிந்தி.
நாளுக்கொருதரம் இருபது நிமிடம்
துண்டு வைத்திருந்த ஆட்கள்
என்னோடு மெல்லமாகக் கதைத்தார்கள்.
ஒரு கிழவர் தன் சோடாவை நீட்டினார்.

பெரியாஸ்பத்திரியில் டொக்டர் பிள்ளை
போத்தலைத் திருப்பித் திருப்பி வாசித்தா.
"ஆரைக் கேட்டுப் போட்டனீங்கள்?
ஈரலைப் பழுதாக்கவோ?"
இரத்தம் எடுத்தார்கள். நிற்பாட்டியாயிற்று.
நாற்பத்தொரு குளிசை மிச்சம்,
எறிய மனமில்லை,
அரிசிப் பேணிக்குப் பக்கத்தில் நிற்கிறது.

நேற்று புவனலோஜினி வட்டி கட்ட வந்தா.
இரண்டு மணிக்கட்டும் வெறுமை.
நான் காசை எண்ணினேன், முத்திரை குத்தினேன்,
என் முகம் தராசுத் தட்டுப்போலக் காய்ந்து கிடந்தது.
பற்றுச்சீட்டை மடித்துக்கொண்டே
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தேடினா.

"அண்டைக்கு இருந்தவர் லீவோ?"

"ஓம்," என்றேன்.
"மாற்றலாகிப் போட்டார்."